வீட்டுக்கு வந்த அதிபர்

2009 செப்டம்பர் 8. வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நின்றபடி, அமெரிக்க மாணவர்கள் அனைவருக்குமாகப் பேசினார் அதிபர் பராக் ஒபாமா. ஒழுங்காகப் படியுங்கள், பொறுப்போடு இருங்கள், கையை நன்றாகக் கழுவுங்கள். எந்த வீட்டிலும் பெரியவர்கள் சொல்வதுதான்.

ஆனால், பேச்சுக்கு முன்பே சண்டை மூண்டுவிட்டது.

தீ வைத்தது ஒரு பயிற்சிக் குறிப்பு. அதிபருக்கு உதவத் தங்களால் என்ன முடியும் என்று தொடக்க வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்கே கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்றது கல்வித் துறை. கொதித்தெழுந்த பெற்றோர்கள் சிலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. சில பள்ளிகள் நேரலையைக் காட்டவில்லை. கல்வித் துறை அந்த வரியைத் திருத்தி, படிப்பில் தங்கள் இலக்கை எப்படி எட்டுவது என்று எழுதச் சொன்னது.

1991-இல் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ் மாணவர்களிடம் பேசியபோது கட்சிகள் இடம் மாறியிருந்தன. அரசுப் பணத்தில் அரசியல் விளம்பரமா என்று அன்று கேட்டவர்கள் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சியினர்.

பேச்சைப் புறக்கணித்தது மிகை. கடிதத்தைக் கேள்வி கேட்டது நியாயம். அதிபர் பதவி வேறு, அதில் இருப்பவரின் கட்சி வேறு என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

பாடத்தில் கட்சிச் சார்பைத் திணிப்பதை இங்கிலாந்தின் 1996 கல்விச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் பயிற்சித் தாளைப் பெற்றோருக்கு முன்கூட்டியே காட்டலாம். ஒபாமாவின் உரையை வெள்ளை மாளிகை முந்தைய நாளே வெளியிட்டது.