அழைப்பு வந்தது, சென்றோமா?

தோழரே!

"வாருங்கள், ஆட்சியில் பங்கு கொள்ளுங்கள்" என்று தலைவர்கள் அழைக்கிறார்கள். மேடையிலே அழைக்கிறார்கள், அறிக்கையிலே அழைக்கிறார்கள். கேட்கச் செவி குளிர்கிறது. ஆனால் அழைத்தவர் இலை போட்டாரா, இலை போட்டபின் விருந்தினர் வந்தாரா என்று கேளாமல், அழைப்பை மட்டும் புகழ்ந்து நிற்பது அரசியல் அறிவாகுமா?

குடவோலை கண்ட குடி எங்கள் குடி என்று உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டிப் பெருமிதம் கொள்கிறோம். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், ஓலையிலே பெயரெழுதிக் குடத்திலே இட்டனர், உண்மை. எவர் பெயர் குடம் புகுந்தது? வரி செலுத்தும் நிலம் கால் வேலியேனும் உடையவன் பெயர். மறை கற்றவன் பெயர். அந்த நிலத்தை உழுதவன் பெயர் இல்லை; நாற்று நட்டவள் பெயர் இல்லை!

விடுபட்ட அந்தப் பெயர்களுக்கு இடம் தந்தது கிராம சபை. 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரையும் அதன் உறுப்பினராக்கிற்று. அது தேர்ந்தெடுக்கப்பட்டோர் சபையன்று, தேர்ந்தெடுப்போர் சபை!

கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவு செய்தார்கள். அழைத்தார்கள், அழைத்ததோடு பெட்டிச் சாவியையும் தந்தார்கள். நம் மாநிலத்திலோ, 2016 அக்டோபர் முதல் மூன்றாண்டுகளுக்கு மேல் ஊராட்சிகளுக்குத் தேர்தலே இல்லை. தனி அலுவலர்கள் ஆண்டனர். 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், எஞ்சிய ஒன்பதில் 2021 அக்டோபரிலுமே ஊரக வாக்குப்பெட்டி திறந்தது. இது ஆண்டோர் குற்றம்.

நம் குற்றம் என்ன? பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழும் ஊராட்சியிலும் 300 பேர் கூடினால் சபை நடத்தலாம். அந்த முந்நூறு பேரும் வாராத ஊர்களில் பதிவேடு வீடு வீடாகச் செல்கிறது. கையெழுத்து வருகிறது, கருத்து வருவதில்லை. வசனம் முழுவதும் எழுதி முடித்த பிறகு நடிகரை அழைப்பதுபோல, தீர்மானம் எழுதி முடித்த பிறகு மக்களை அழைக்கிறார்கள். அந்தப் பதிவேட்டைச் சுமந்து செல்பவர் சில வேளை நம் தோழராகவே இருக்கிறார்!

கட்சிச் சின்னமின்றி நடக்கும் தேர்தல்தான். ஆயினும் தலைவர் எவருடைய ஆள் என்பதை ஊரறியும். 'தலைவர் நம்மவர், கணக்குக் கேட்கலாமா?' என்று தயங்குகிறீர்கள். நம்மவர் என்பதால்தான் கேட்க வேண்டும்! மாற்றாரைக் கேட்பது எளிது. அதற்குக் கைதட்டல் கிடைக்கும். நம்மவரைக் கேட்பது கடினம், முகச்சுளிப்பே கிடைக்கும். ஆயினும், நாம் கேளாத கேள்வியை நாளை வாக்குச்சீட்டு கேட்கும். அப்போது விடை சொல்ல அவகாசம் இராது.

சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 — கிராம சபைக்குரிய இந்நாட்களை அறியாதவரல்லர் நீங்கள். அடுத்த கூட்டத்துக்குச் செல்லுங்கள். கொடியை வீட்டிலே வைத்துவிட்டு, கேள்வியைக் கையிலே எடுத்துச் செல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டுத் தாயை முன்வரிசையில் அமர்த்தி, வரவு செலவை அவர் காதில் விழும்படி படிக்கச் சொல்லுங்கள்.

தலைவர்கள் அழைத்தார்கள் என்பது செய்தி. மக்கள் வந்தார்கள் என்பதே மக்களாட்சி!