கண்ணாடிக்குள்ளே ஆபீஸ்!

போன வாரம் ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் கேட்டார்: "ஐயா, எம்மகளுக்கு வீட்டில இருந்தே வேலையாம். ஆளையும் பார்க்கல, ஆபீசையும் பார்க்கல, போன்லயே பேசி எடுத்துட்டாங்க. பயிற்சிகூட கம்ப்யூட்டருக்குள்ளதானாம். நம்பலாமா?"

இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கத்தான் செய்கிறது, அம்மா. அமெரிக்காவின் வால்மார்ட் கடைகள் 2018-ல் சுமார் 17,000 கண்ணாடிக் கருவிகளை வாங்கின. அதைக் கண்ணில் மாட்டினால் கடையும் கூட்டமும் எதிரே நிற்பது போலத் தெரியும். கை தவறினாலும் சரக்கு உடையாது. அக்செஞ்சர் கம்பெனி 2021-ல் 60,000 கருவிகள் வாங்கி, வீட்டிலிருந்தே சேர்ந்த புது ஆட்களைப் பொம்மை உருவமாக ஒரு கற்பனை ஆபீசுக்குள் நடமாட விட்டது. நமக்கு இது புரியாத சங்கதியா? வெட்டி வீழ்த்தப்போகும் கிழட்டு மரத்தில் பால்வெட்டுக் கத்தி பிடித்துப் பழகியவர்கள்தானே நாம்!

2017-ல் தனி மாவட்டமான நம் பாகான் டத்தோவில் தென்னையும் செம்பனையும்தான் பிழைப்பு. எஸ்.பி.எம். முடித்த பிள்ளை ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போனால் அறை வாடகையே சம்பளத்தைத் தின்றுவிடும். வீட்டில் இருந்தபடி வேலை கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

அந்த ஆசையில்தான் தூண்டில் போடுகிறார்கள். நம் பாட்டன்மாரிடம் கங்காணி வந்து மலாயாவைப் பற்றி என்ன சொன்னான்? கப்பலேறி வந்த பிறகல்லவா முன்பணம் கடனாகக் கழுத்தைப் பிடித்தது! அந்த ஆள்பிடிப்பை 1938-ல் இந்திய அரசாங்கம் நிறுத்தியது. கங்காணிக்காவது ஊரும் பேரும் இருந்தது. இன்றைய ஏஜெண்டுக்கு முகமே கிடையாது. நல்ல சம்பளம் என்று நம்பிப் போன மலேசியப் பிள்ளைகள் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பலிடம் அடைபட்ட கதை நாம் அறிந்ததுதான்.

ஆகவே அந்தத் தாயிடம் சில கேள்விகள் கேட்டேன். பயிற்சிக்கு, 'டெபாசிட்டுக்கு' என்று பணம் கேட்டார்களா? கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். வேலை தேடித் தரும் ஏஜென்சிக்கு 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். பயிற்சி நாளுக்குக் கூலி உண்டா? சேமநிதி, சொக்சோ யார் கட்டுவது? 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 'நீ ஊழியர் இல்லை, சொந்தத் தொழில்காரி' என்று சொல்லி இதையெல்லாம் கழித்துவிடுகிற தந்திரமும் இருக்கிறது. கண்ணாடி வித்தையைவிட இதற்குத்தான் எனக்குப் பயம்.

இன்னொன்று: 'உன் பேங்க் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு' என்றால் கொடுக்கவே கூடாது. 2024-ல் திருத்திய குற்றவியல் சட்டப்படி, கணக்கை இரவல் கொடுத்தவரும் மாட்டிக்கொள்வார். பணம் ஏற்கெனவே போயிருந்தால் தாமதிக்காமல் 997-க்குப் போன் செய்யுங்கள்.

"கம்பெனிப் பேரைச் சொல்லுங்க, கடிதம் அனுப்புங்கன்னு கேளு" என்று அந்தத் தாய் மகளிடம் சொன்னாராம். கேட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.