களத்தின் ஓரத்தில் ஒரு வேலை

பொங்கோலில் வீவக புளோக்குகளுக்கு நடுவே இருக்கும் கூடைப்பந்துத் திடல்கள் மாலை நேரத்தில் சும்மா கிடப்பதில்லை. பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் ஆடுகிற பிள்ளைகளில் நம் பிள்ளைகளும் உண்டு. காற்பந்து, கிரிக்கெட் என்றால் நம் வீடுகளில் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும். கூடைப்பந்து என்றால், “ஆடட்டும், உயரமா வளருவான்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அதே பிள்ளை கல்லூரிப் படிப்பை முடிக்கும் நேரத்தில், “நான் பயிற்றுவிப்பாளர் ஆகப்போறேன்மா” என்றால்தான் வீட்டில் அமைதி நிலவும். பிறகு கேள்வி வரும்: “சரிப்பா, வேலைக்கு என்ன பண்ணப்போற?”

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஓர் எண்ணம் இருக்கிறது. நன்றாக ஆடுபவர் ஆட்டக்காரர் ஆவார், அது முடியாதவர் பயிற்றுவிப்பாளர் ஆவார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதாவது, பயிற்சியளிப்பது ஓர் ஆறுதல் பரிசு. இது எவ்வளவு தவறு என்பதைச் சிலருடைய பாதையைப் பார்த்தாலே புரியும்.

என்பிஏ பார்க்கும் இளையர்களுக்கு எரிக் ஸ்போல்ஸ்ட்ராவைத் தெரிந்திருக்கும். தந்தை அமெரிக்கர், தாய் பிலிப்பீன்ஸைச் சேர்ந்தவர். அமெரிக்காவின் போர்ட்லண்ட் பல்கலைக்கழக அணிக்காக ஆடியவர். அங்கே அவர் பெற்ற பட்டம் தொடர்பியலில். ஊடகம் படித்துவிட்டு வானொலிக்கு வந்த எனக்கு அதில் ஒரு சின்ன மகிழ்ச்சி!

என்பிஏவில் ஆட அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஜெர்மனிக்குப் போய் ஒரு சிறிய மன்றத்தில் ஆடிக்கொண்டே பயிற்றுவிப்பாளராகவும் இருந்தார். 1995ல் மயாமி ஹீட் அணியில் அவருக்குக் கிடைத்தது காணொளிப் பிரிவில் ஒரு வேலை. ஆட்டப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, பயிற்றுவிப்பாளர்களுக்குத் தேவையான காட்சிகளை வெட்டித் தருவதுதான் பணி. கைதட்டலும் இல்லை, கேமராவும் அந்தப் பக்கம் திரும்பாது.

அந்த வேலையிலிருந்து படிப்படியாக உயர்ந்து, 2008ல் அதே அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஆனார். இடையில் ஓடிய ஆண்டுகள் 13. 2012லும் 2013லும் அவருடைய அணி வெற்றியாளர் பட்டம் வென்றது. ஆட்டக்காரராக அவர் எட்டாத உயரம் அது. காணொளிகளோடு கழித்த காலத்தை வீண் என்று யார் சொல்ல முடியும்?

நம் பக்கத்திலும் ஒருவர் இருக்கிறார். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதிலேயே இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணியின் தலைவியானவர். ஏறக்குறைய 18 ஆண்டுகள் நாட்டுக்காக ஆடினார். 2021ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆடி முடித்தபின் இளம் வீராங்கனைகளுக்குப் பயிற்சியளிக்கும் பணிக்கு வந்தார். ஸ்போல்ஸ்ட்ரா ஆட்டக்காரராக உச்சத்தைத் தொடாதவர், அனிதா தொட்டவர். ஆனாலும் இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்.

அனிதாவின் பாதையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் தெற்கு ரயில்வே ஊழியர். இந்தியாவில் ரயில்வே போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தருகின்றன. மாதச் சம்பளம் கைக்கு வந்தால்தான் களத்தில் கவனம் நிற்கும்.

சிங்கப்பூரில் அப்படிப்பட்ட ஒதுக்கீடு வேலை கிடையாது. இங்கே பயிற்றுவிப்பாளர் ஆக விரும்புபவர் எஸ்ஜி-கோச் முதல் நிலைப் பயிற்சி, தம்முடைய விளையாட்டுக்கான தொழில்நுட்பச் சான்றிதழ், முதலுதவிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பெற்று, தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவகத்தில் சேரலாம். பள்ளிகளின் இணைப்பாட நடவடிக்கைகளுக்குப் பயிற்சியளிக்க அந்தப் பதிவு கைகொடுக்கும். பதிவோடு படிப்பு முடிந்துவிடாது, தொடர்ந்து கற்றால்தான் அதைப் புதுப்பிக்க முடியும்.

வருமானத்தைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் பேசிவிடலாம். பலர் சுயதொழில் செய்பவர்களாக, மணிக்கணக்கில் ஊதியம் பெறுகிறார்கள். பள்ளி விடுமுறையில் வேலை குறையும். முதலாளி தரும் மத்திய சேமநிதிச் சந்தா இருக்காது, மெடிசேவ் தொகையைத் தாமே கட்ட வேண்டும். 2020ல் கொவிட்-19 பரவி இணைப்பாட நடவடிக்கைகள் நின்றபோது, பயிற்றுவிப்பாளர்கள் பலருடைய வருமானமும் சேர்ந்தே நின்றது. பெற்றோரின் பயத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து “வேண்டாம்” என்ற ஒற்றைச் சொல் அல்ல. வேறு வேலை ஒன்றைப் பார்த்துக்கொண்டே வார இறுதியில் பயிற்சியளிக்கத் தொடங்கலாம். விளையாட்டு அறிவியல், உடற்கல்வி என்று படிப்பை அந்தப் பக்கமே அமைத்துக்கொள்ளலாம். முக்கியமாக, ஆடும் காலத்திலேயே கற்றுக்கொடுத்துப் பார்க்கலாம். பந்தைக் கூடையில் போடத் தெரிவது ஒரு திறன். எட்டு முறை தவறவிட்டுக் கண்கலங்கி நிற்கும் பத்து வயதுப் பிள்ளையிடம் ஒன்பதாவது முறை என்ன சொல்வது என்று தெரிவது முற்றிலும் வேறு திறன். முதலாவது இருப்பதாலேயே இரண்டாவதும் வந்துவிடாது.

இங்கேயே அதற்குச் சான்று உண்டு. நம் ஆண்கள் கூடைப்பந்து அணி 2013லும் 2015லும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் வெண்கலம் வென்றது. அப்போது களத்தின் ஓரத்தில் நின்று வழிநடத்திய நியோ பெங் சியாங், முன்பு தேசிய அணிக்காக ஆடியவர். பதக்கத்தைக் கழுத்தில் அணிந்தவர்கள் ஆட்டக்காரர்கள்தான். அவர்களை அதற்குத் தயாராக்கும் வேலைக்கும் ஓர் ஆள் வேண்டுமே!

ஆகவே, உங்கள் மகனோ மகளோ பயிற்றுவிப்பாளர் ஆக விரும்புவதாகச் சொன்னால், “எவ்வளவு சம்பளம்?” என்று தாராளமாகக் கேளுங்கள். அதற்கு முன்பு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: “இதுவரைக்கும் யாருக்காவது சொல்லிக்கொடுத்திருக்கியா?”

“இல்லை” என்று பதில் வந்தால், இந்த வாரக் கடைசியில் கீழே உள்ள திடலுக்கு அனுப்பி வையுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்துப் பார்க்கட்டும். திரும்பி வரும்போது முகத்தைப் பாருங்கள். சலிப்பு இருந்தால் ஆசை அங்கேயே தெளிந்துவிடும். அடுத்த வாரம் எப்போது என்ற நினைப்பு இருந்தால், சம்பளக் கணக்கை இருவரும் சேர்ந்தே உட்கார்ந்து போடலாம்.