நுழைவுச் சீட்டும் கோடை விடுமுறையும்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் தமிழ் வகுப்பில் எழுதச் சொல்லும் முதல் கட்டுரை எது என்பதை நாம் அனைவரும் அறிவோம். 'விடுமுறையை நான் கழித்த விதம்' என்பதே அது. சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் பலர் சென்னைப் பக்கத்திலுள்ள பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் சென்று வந்ததை எழுதியிருந்தனர். நானும் எழுதினேன். நீர்ச்சறுக்கு, ராட்சத ராட்டினம், செயற்கை அலை எல்லாம் என் கட்டுரையில் இருந்தன. எங்கள் ஆயா மட்டும் இல்லை.

எங்கள் வீட்டில் ஆறு பேர், சென்றவர்கள் ஐவர். "எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்? நான் வீட்டைப் பார்த்துக்கிறேன், நீங்க பிள்ளைங்களை அழைச்சிட்டுப் போய் வாங்க" என்று ஆயா அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். ராட்டினத்தில் ஏறாதவருக்கும் சீட்டு உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். வேளாங்கண்ணித் திருவிழா என்றால் இதே ஆயாதான் எல்லாருக்கும் முன்னால் பையோடு வாசலில் நிற்பார்கள். அன்னையின் ஆலயத்தில் சீட்டு இல்லை அல்லவா?

பூங்காக்களில் முன்பு வேறு முறையும் இருந்தது. அமெரிக்காவில் 1955-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தில் நுழைவுக் கட்டணம் குறைவு; ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிச்சீட்டு வாங்க வேண்டும். 1982-இல் அம்முறையைக் கைவிட்டு, அனைத்துக்கும் ஒரே சீட்டு என்றனர். இன்று நம் நாட்டுப் பெரிய பூங்காக்களும் இவ்வழியையே பின்பற்றுகின்றன. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறக்கப்பட்ட வொண்டர்லாவிலும் ஒரே சீட்டுத்தான். பெரியவர் ஒருவருக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. இதில் வரியும் அடங்கும். பூங்கா நுழைவுக்கு 2017-இல் 28 விழுக்காடாக இருந்த சரக்கு சேவை வரி 2018 ஜனவரியில் 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

ஒரே சீட்டில் நன்மையும் உண்டு. ஒவ்வொரு ராட்டினத்தின் முன்பும் பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. இயந்திரங்களைப் பாதுகாப்பாகப் பராமரிக்கப் பெருஞ்செலவாகும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் இந்த விலை முறை குடும்பத்தின் விடுமுறையையே மாற்றிவிடுகிறது. முதலாவதாக, வீட்டில் தலைகளை எண்ண வைக்கிறது. எண்ணும்போது விடுபடுபவர் பாட்டியோ தாயோதான். இரண்டாவதாக, கொடுத்த காசுக்கு ஈடு செய்ய வேண்டுமென்று காலை முதல் மாலை வரை ஓட வைக்கிறது. நாங்கள் ஐவரும் அன்று உட்கார்ந்து பேசியது மிகக் குறைவு. மூன்றாவதாக, ஆண்டுக்கு நான்கு சிறு பயணங்கள் போகக்கூடிய பணம் ஒரே நாளில் தீர்ந்துவிடுகிறது.

தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் என் தோழி அந்தக் கட்டுரையில் எட்டே வரிகள்தான் எழுதியிருந்தாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நம் கோடை விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. அவள் அப்பா வீட்டில் இருக்கும் மாதங்களும் அவைதாம். வருமானம் இல்லாத மாதங்களும் அவைதாம். நேரம் இருக்கும்போது பணம் இல்லை. பணம் இருக்கும்போது அப்பா கடலில்.

"உங்களுக்குத்தான் சில்வர் பீச் இருக்கிறதே" என்று ஒருத்தி அவளிடம் சொன்னாள். அது சரியான பதிலன்று. நாள்தோறும் கடலைப் பார்ப்பவளுக்கு ராட்டினத்தில் ஏற ஆசை வருவது தவறா? ஏழைக்குக் கடற்கரை, வசதியுள்ளவருக்குப் பூங்கா என்று நாம் பிரித்துவிடலாகாது.

விலையை வேறு விதமாகவும் வைக்கலாம் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் உள்ள பிச்சாவரத்தில் துடுப்புப் படகுக்குத் தலைக்கு இவ்வளவு என்பதில்லை. படகுக்கு இவ்வளவு என்பதே கணக்கு. எனவே அங்கே பாட்டியை ஏற்றிக்கொள்ள யாரும் யோசிப்பதில்லை. சுரபுன்னைக் காட்டின் நிழலில் படகு போகும்போது கதை சொல்பவரும் பாட்டிதான்.

பூங்கா நடத்துவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். விளையாட்டுகளில் ஏறாமல் துணைக்கு மட்டும் வரும் முதியோருக்குச் சிறு கட்டணம் போதும். பள்ளிக் குழுக்களுக்குச் சலுகை தருவதைப் போல, கோடையில் வார நாட்களில் குடும்பச் சீட்டு ஒன்றும் தரலாம். காலியாக ஓடும் ராட்டினத்தால் அவர்களுக்கும் ஆதாயமில்லையே!

பெற்றோர்களுக்கும் என் போன்ற மாணவியருக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பேசுமுன், யார் யார் போகிறோம் என்று முதலில் முடிவு செய்வோம். விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். இந்த ஆண்டு எங்கள் வீட்டில் பிச்சாவரம் என்று முடிவாகியிருக்கிறது. ஆறு பேரும் போகிறோம். என் தோழியையும் அழைத்திருக்கிறேன்.