வாச்சாத்தி இருக்கும் மாவட்டத்தில் சட்டம் படிப்பது

2023 மார்ச் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்திக்கு நேரில் சென்றார். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் நுழைந்து, 18 பழங்குடிப் பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கிய ஊர் அது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களில் 54 பேர் வழக்கு முடியுமுன்னரே இறந்துபோக, எஞ்சிய 215 பேரையும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தண்டித்தது. மேல்முறையீட்டுக் கட்டுகள் முழுவதும் மேசையில் இருந்தும், இடத்தைக் கண்ணால் கண்ட பிறகே நீதிபதி தீர்ப்பெழுதினார். 2023 செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகள் அனைத்தும் தள்ளுபடியாயின.

நீதிபதி செய்ததைத்தான் சட்ட மாணவர்களும் செய்ய வேண்டும் என்று பாடத்திட்டம் சொல்கிறது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி செய்முறைத் தாள்கள் நான்கு கட்டாயம். அவற்றுள் ஒன்றில் மாதிரி நீதிமன்றத்துக்கு 30 மதிப்பெண். ஓர் உரிமையியல் வழக்கையும் ஒரு குற்றவியல் வழக்கையும் விசாரணையில் கவனித்து எழுதுவதற்கு 30. கட்சிக்காரரிடம் வழக்கறிஞர் பேசுவதையும் மனுக்கள் தயாராவதையும் குறிப்பேட்டில் பதிவதற்கு 30. வாய்மொழித் தேர்வுக்கு 10. இவற்றோடு ஐந்தாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 20 வாரமும், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் உள்ளகப் பயிற்சி.

ஏட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. நான் படித்த காலத்தில் குறிப்பேடு என்பது மூத்த மாணவரிடம் இரவல் வாங்கிப் பார்த்தெழுதும் பொருள். என் குறிப்பேட்டில் உள்ள குற்றவியல் வழக்கை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதற்கு மதிப்பெண் குறைந்ததாகவும் நினைவில்லை.

இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. உள்ளகப் பயிற்சி யாருக்குக் கிடைக்கிறது என்பதில் சாதி இருக்கிறது. உறவினர் வழக்கறிஞராக இருப்பவருக்குச் சென்னையில் மூத்த வழக்கறிஞர் அலுவலகத்தின் கதவு திறக்கும். காலனியிலிருந்து முதல் தலைமுறையாகச் சட்டம் படிக்க வந்த கூலித் தொழிலாளியின் மகளுக்குத் தெரிந்த வழக்கறிஞர் எவரும் இல்லை. ஊதியமில்லாத நான்கு வாரங்களுக்கு விடுதி வாடகை கட்டவும் வழியில்லை. அவர் சான்றிதழை மட்டும் எங்காவது வாங்கிக்கொள்கிறார். பிறகு, அவருக்குத் திறமை போதாது என்று பேசுகிறார்கள்.

தருமபுரியில் 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி இயங்குகிறது. இந்த மாவட்டத்து மாணவருக்குக் களம் தேடிச் சென்னைக்குப் போகவேண்டிய தேவையில்லை என்பதே என் கருத்து. 2012 நவம்பர் 7 அன்று, சாதி கடந்த ஒரு திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளின் வீடுகள் எரிக்கப்பட்டதும் இங்கேதான். வழக்கறிஞர் மன்றம் கட்டாயமாக்கிய 20 தாள்களில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கெனத் தனித்தாள் கிடையாது. அதைச் செயல்திட்டமாகவேனும் உள்ளே கொண்டுவரலாம்.

1989ஆம் ஆண்டுச் சட்டத்தில், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் 15ஏ பிரிவைச் சேர்த்தது. பிணை மனு உள்ளிட்ட எந்த நடவடிக்கையானாலும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய காலத்தில் அறிவிப்புத் தரவேண்டும். அவரைக் கேட்கவும் வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் அன்று, கட்டாயம் என்று 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு மாணவர் ஒரே ஒரு வன்கொடுமை வழக்கைக் கையில் எடுத்துக்கொள்ளட்டும். அறிவிப்பு எந்தத் தேதியில் போனது, விசாரணை அதிகாரி துணைக் கண்காணிப்பாளர் நிலையில் உள்ளவரா, 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலானதா, தீருதவித் தொகையின் முதல் தவணை எப்போது வந்தது, ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடியதா? தகவல் உரிமை மனு, நீதிமன்றப் பதிவு, பாதிக்கப்பட்டவரின் ஒப்புதலோடு ஒரு நேர்காணல் ஆகிய மூன்றும் இந்தக் கேள்விகளுக்குப் போதும்.

மாணவர்கள் நீதிமன்றத்தில் வாதாட முடியாதே என்பார்கள். வாதாட வேண்டாம். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடாமல் இருப்பதும், விசாரணையில் குறுக்கிடாமல் இருப்பதும் அவர்கள் கற்க வேண்டிய முதல் பாடங்கள். மாணவர் பாதுகாப்பு பற்றிய அச்சம் மெய்யானது. ஆகவேதான் அவர்களைத் தனியே அனுப்பாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழியே அனுப்பவேண்டும். சட்டக் கல்லூரிகளில் சட்ட உதவி மையங்கள் அமைய வழிகாட்டுவது தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் கடமை என்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள் என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. இந்த ஏற்பாட்டில் செலவழிக்கும் வாரங்களை உள்ளகப் பயிற்சியாகக் கணக்கிட்டுப் போக்குவரத்துச் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்றால், மேலே சொன்ன மாணவி வீட்டிலிருந்தே பேருந்தில் வந்துபோவார்.

வாச்சாத்தி வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போக 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கே கட்சியும் பழங்குடி மக்கள் சங்கமும் விடாமல் போராட வேண்டியிருந்தது. இன்றும் ஒரு காலனியில் அடிபட்டவர் காவல் நிலைய வாசலில் நிற்கும்போது, தான் கொடுத்த முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம் என்று பக்கத்தில் நின்று சொல்ல ஆள் தேவைப்படுகிறது. அந்த வேலைக்கு முப்பது மதிப்பெண் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது.