நேரலையில் கடை விரிப்போர் கவனத்திற்கு





சென்ற மாதம் ஒரு நாள், மக்தப் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்த வேளையில், மாணவர் ஒருவரின் தாயார் வாசலில் நின்று ஒரு மஸ்அலா கேட்டார். அவர் வீட்டிலிருந்தபடியே அபாயா விற்பவர். வாரத்தில் இருமுறை கைப்பேசியில் நேரலை வருவார். பார்ப்பவர்கள் வேண்டியதைக் கேட்பார்கள். மறுநாள் கொரியரில் அனுப்பிவைப்பார். கணவரின் வருமானம் நின்றுபோன நாள்முதல் வீட்டு வாடகையும் மூன்று பிள்ளைகளின் படிப்பும் அந்த வியாபாரத்தை நம்பியே இருக்கின்றன.

அந்த வாரம் கறுப்பு என்று சொல்லி அவர் விற்ற நான்கு அபாயாக்கள் கருநீலமாக இருப்பதாக, வாங்கியவர்கள் திருப்பி அனுப்பக் கேட்டிருந்தனர். "ஹஜ்ரத், நான் பொய் சொல்லவில்லை. விளக்கு வெளிச்சத்தில் என் கண்ணுக்கும் கறுப்பாகத்தான் தெரிந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் இந்த வார லாபம் முழுவதும் போய்விடும். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?" என்று கேட்டார்.

கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். ஆனால் என் மனம் அமைதியுறவில்லை. தீர்ப்புச் சொல்வது எளிது. அத்தகைய நட்டம் மீண்டும் வராமல் இருக்க வழி சொல்ல வேண்டாமா? அந்த எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

நேரலை வியாபாரத்தைப் பற்றி நம்மிடையே இரு கருத்துகள் உலவுகின்றன. அது வெறும் ஆரவாரம், நம் பெண்களுக்கு ஏற்றதன்று என்பது ஒன்று. எப்படியாவது விற்றால் போதும் என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல என்பது என் கருத்து. நேரலையும் ஒரு சந்தைதான். முன்பணம் கொடுத்துக் கடை பிடிக்க இயலாத ஓர் ஏழைத் தாய்க்கு அல்லாஹ் திறந்துவிட்ட வாசல் அது. ஆனால் மற்றச் சந்தைகளுக்கு இல்லாத ஒரு குறை இதற்கு உண்டு. வாங்குபவரின் கண் பொருள்வரை வரும், கை வராது.

நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றபோது அதனுள் கையை விட்டுப் பார்த்ததும், விரல்களில் ஈரம் பட்டதும் நாம் பலமுறை கேட்ட செய்தி. மழையில் நனைந்துவிட்டது என்று அந்த வியாபாரி காரணம் கூறினார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். மழை பெய்தது வியாபாரியின் குற்றமன்று. ஈரம் அடியில் கிடந்ததே கண்டிக்கப்பட்டது. விளக்கு நிறத்தை மாற்றியதும் அந்தச் சகோதரியின் குற்றமன்று. ஆயினும், வாங்குபவரின் விரல் குவியலுக்குள் நுழைய முடியாத இச்சந்தையில், குவியலைப் புரட்டிக் காட்டும் பொறுப்பு விற்பவரையே சாரும். நேரலையை நன்முறையில் பயன்படுத்தும் வழிகள் யாவும் இந்த ஒரு பொறுப்பிலிருந்து பிறப்பவைதாம்.

முதலாவது, வெளிச்சம். இரவில் ரிங் லைட்டின் கீழ் அடர்ந்த நிறங்கள் ஒன்றுபோல் தோன்றும். ஆகவே பகலில் சன்னலோரம் ஒவ்வொரு துணியையும் சிறு காணொளியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தில் ஐயம் எழுந்தால் அதை அனுப்புங்கள். அருகில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் நிறம் தெளிவாகும். கேமராவில் அழகூட்டும் ஃபில்டர் எதுவும் இயங்காதிருக்கட்டும். 54, 56 என்று அளவைச் சொல்வதோடு நில்லாமல் இஞ்சு டேப்பைத் துணிமேல் வைத்துக் காட்டுங்கள்.

இரண்டாவது, குறையை முதலில் காட்டுங்கள். தையல் விட்ட இடம், அச்சுப் பிசகிய ஓரம், பொத்தான் மாறியது எதுவாயினும் கேமராவின் அருகில் கொண்டுவந்து காட்டிவிட்டுப் பிறகு விலை சொல்லுங்கள். விலையை வாய்விட்டுச் சொல்லுங்கள். "இன்பாக்ஸில் கேளுங்கள்" என்பது ஆளுக்கொரு விலை சொல்லப்படுமோ என்ற ஐயத்தை உண்டாக்கும். கொரியர் செலவு தனியா, சேர்த்தா என்பதையும் அப்போதே கூறிவிடுங்கள்.

மூன்றாவது, போலி ஆரவாரம் வேண்டாம். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்டு மற்றவரைத் தூண்டும் நஜ்ஷ் என்னும் செயலை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். நாத்தனாரையும் தங்கையையும் விட்டு "எனக்கு இரண்டு" என்று கமெண்ட் போடச் சொல்வதும், பெட்டி நிறைய இருக்கும்போது "இன்னும் இரண்டே பீஸ்" என்பதும் அதன் இக்கால உருவங்கள். விற்பவர் தம்மை நுகர்வோர்போல் காட்டிப் பொருளைப் புகழ்ந்து எழுதுவதை, இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் தடைசெய்கின்றன.

நான்காவது, கையில் இல்லாததை உங்களுடையதாக விற்காதீர்கள். மொத்த வியாபாரியின் காணொளியைத் தம் ஸ்டேட்டஸில் வைத்து, பணம் வந்தபின் பொருளைத் தேடுவோர் பெருகிவிட்டனர். தம்மிடம் இல்லாத பொருளை விற்க வேண்டாம் என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அறிவுறுத்தியது இதற்குப் பொருந்தும். ஆனால் வழி அடைபடவில்லை. உரிமையாளரின் அனுமதி பெற்று, நான் இன்னாருக்காக விற்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லி, பேசிய கமிஷனைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, எழுதி வையுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதுமாறு பணிக்கும் பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது. ஒவ்வொரு பொருளிலும் எண் ஒட்டுங்கள். நீங்கள் பேசும்போது வீட்டில் மற்றொருவர் கமெண்டுகளைப் பார்த்து, முதலில் கேட்டவர் யார் என்று நோட்டில் குறிக்கட்டும். நேரலையின் முடிவில் அப்பட்டியலை உரக்கப் படியுங்கள். காணொளியைச் சேமித்தும் வையுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பேஸ்புக் நேரலைப் பதிவுகள் 30 நாள்களே தங்கும். பின்னர் சச்சரவு எழுந்தால் அந்தப் பதிவே இரு தரப்புக்கும் சாட்சி.

ஆறாவது, நேரம். ஒரே கிழமை, ஒரே மணி என்று வைத்தால் வாடிக்கையாளர் தாமே வருவார்கள். இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் போதும். பாங்கு சொல்லும்போது விலை கூவிக்கொண்டிருப்பது நமக்கு அழகன்று; ஜும்ஆ அழைப்பின்போது வியாபாரத்தை விட்டுவிடுமாறு குர்ஆனே கட்டளையிடுகிறது.

பெண்கள் முகம் காட்ட வேண்டுமே என்று தயங்குவோருக்கு ஒரு சொல். வேண்டியதில்லை. கைப்பேசியை ட்ரைபாடில் பொருத்தி மேசையை நோக்கிக் கீழே திருப்பினால், துணியும் அதை விரிக்கும் கையும் மட்டுமே தெரியும். வாங்குபவர் பார்க்க விரும்புவதும் துணியைத்தான்.

எல்லாப் பொருளுக்கும் நேரலை ஏற்றதன்று என்பதையும் உணர வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள லெப்பைக் குடும்பங்கள் தலைமுறைகளாக நெய்துவரும் பாய் அது. கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லியதாகக் கிழித்து, சாயமேற்றி, நூல் பாவில் கோத்து நெய்யும் உழைப்பை இரண்டு நிமிடக் காணொளியில் காட்டி, முடிந்த பட்டுப்பாயைத் துணிபோல் மடித்தும் காட்டினால், விலை ஏன் அதிகம் என்பது சொல்லாமலே விளங்கும். வீட்டில் பிரியாணி செய்து விற்போருக்குத் தம் திறக்கும் அரை நிமிடமும் சுத்தமான சமையற்கட்டுமே போதும். அத்தர் விற்போர் என்ன காட்டினாலும் மணம் திரையில் வராது. சிறு மாதிரிப் புட்டி அனுப்புவதே நேர்மை.

திருப்பி எடுத்துக்கொள்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பார்க்காமல் வாங்கிய பொருளைப் பார்த்தபின் ஏற்கவோ மறுக்கவோ வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் நிலைப்பாடு. ஷாஃபிஈ மத்ஹபோ, பார்க்காத குறிப்பிட்ட பொருளை விற்பதிலேயே இன்னும் கண்டிப்பானது. விரிவை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சொன்னதற்கு மாறாக இருந்தால் இத்தனை நாளுக்குள் திருப்பலாம், கொரியர் செலவு இன்னாருடையது என்று ஒவ்வொரு நேரலையின் தொடக்கத்திலும் அறிவித்துவிடுவது எல்லாருக்கும் பாதுகாப்பு.

"இப்படியெல்லாம் குறையைக் காட்டினால் யார் வாங்குவார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அன்றைய விற்பனை குறையவும் கூடும். ஆனால் திரும்பி வரும் ஒவ்வொரு பொட்டலமும் போகக் கூலி, வரக் கூலி, ஒரு வாடிக்கையாளர் என மூன்றையும் விழுங்குகிறது. விளம்பரத்திலும் தள்ளுபடியிலும் பெரிய நிறுவனங்களோடு நம் தாய்மார்கள் போட்டியிட இயலாது. அவர்களிடம் இருக்கும் முதல் ஒன்றே, இவர் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பெயர். அதை ஒரு வார லாபத்துக்கு விற்றுவிடலாகாது.

அந்தச் சகோதரி நால்வருக்கும் பணத்தைத் திருப்பிவிட்டார். மறுவாரம் அதே நான்கு அபாயாக்களையும் பகலில் சன்னலோரம் விரித்து, "இவை கருநீலம். சென்ற முறை கறுப்பு என்று சொன்னது என் தவறு" என்று கூறித் தொடங்கினாராம். மூன்று விற்றன; ஒன்று இன்னும் இருக்கிறது. அந்த மாத வாடகைக்குச் சிறிது கடன் வாங்க நேர்ந்ததையும் அவர் மறைக்கவில்லை. நேர்மைக்கு உடனே கூலி கிடைத்துவிடும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். ஆனால் இத்தகைய தாய்மார்கள் நம் தெருவிலேயே இருக்கும்போது, அடுத்த பெருநாளுக்கான உடையை அவர்களிடம் வாங்கலாமே என்று நம் குடும்பங்கள் யோசிக்க வேண்டாமா?

அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கல்களில் உண்மையையும் பரக்கத்தையும் நல்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.