இடது கை கெட்ட கையா?

போன வாரம் வீட்டில் ஒரு பிறந்தநாள் விருந்து. இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் வந்தவர்களுக்கு முறுக்குத் தட்டை இடது கையால் நீட்டினாள். அத்தை விடவில்லை. "நொட்டாங்கையில கொடுக்காதம்மா, சோத்துக்கையில கொடு" என்றார். அவளும் கை மாற்றிக் கொடுத்தாள். இரவு படுக்கப் போகும்போதுதான் கேட்டாள்: "அப்பா, லெஃப்ட் ஹேண்ட் கெட்ட கையா?"

"இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். ஆனால் மனம் கேட்கவில்லை. அகராதியை எடுத்தேன்.

'லெஃப்ட்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் பலவீனமானது என்று பொருள். பக்கவாத நோய்க்கு அன்று வைத்த பெயரிலும் இதே சொல் இருந்தது. 'ரைட்' என்றால் நேரானது, நியாயமானது. உரிமைக்கும் இன்று அதே சொல்தான்.

லத்தீன் இன்னும் மோசம். அதில் இடதுக்கு 'சினிஸ்டர்' என்று பெயர். ஆங்கிலத்துக்கு வந்தபோது அது 'தீய எண்ணம் கொண்ட' என்றாகிவிட்டது. வலதுக்கு 'டெக்ஸ்டர்'. அதிலிருந்து வந்ததுதான் கைத்திறனைக் குறிக்கும் 'டெக்ஸ்டெரிட்டி'. இரு கையாலும் வேலை செய்பவரை 'ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்' என்கிறோம் அல்லவா? பிரித்துப் பார்த்தால், இரண்டுமே வலது கை என்று பொருள்! பாராட்டும்போதும் இடது கைக்கு இடமில்லை.

நம் தமிழும் சளைத்ததில்லை. 'வலம்' என்றால் வலப்பக்கம் மட்டுமல்ல. வலிமை, வெற்றி என்றும் பொருள் உண்டு. பெரும்பாலோர் வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள். பெயர் வைத்ததும் அவர்கள்தானே!

கடைசியில் கை கொடுத்தது கப்பல். கப்பலின் வலப்பக்கம் 'ஸ்டார்போர்ட்'. இதில் நட்சத்திரம் எதுவும் இல்லை. 'ஸ்டியர்' என்றால் செலுத்துவது, 'போர்ட்' என்பது இங்கே கப்பலின் பக்கம். பழங்காலத்து வடஐரோப்பியப் படகுகளில் சுக்கான் துடுப்பு வலப்பக்கத்தில் இருந்தது. அது மோதி உடையாமல் இருக்க, படகின் இடப்பக்கத்தைத்தான் துறையோடு அணைப்பார்கள். இடப்பக்கத்துக்கு முன்பு 'லார்போர்ட்' என்று பெயர். காற்றிலும் அலையிலும் கூவும்போது இரண்டும் ஒன்றுபோல் கேட்டுக் குழப்பியதால், 1844இல் பிரிட்டிஷ் கடற்படை அதைக் கைவிட்டது. முன்பே புழக்கத்தில் இருந்த 'போர்ட்' நிலைத்தது. இந்தப் 'போர்ட்' துறைமுகம்.

மறுநாள் காலை, பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும்போது மகளிடம் இதைச் சொன்னேன். "கப்பலுக்குக் கரை சேரும் பக்கமே இடதுதான்."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "அத்தைப்பாட்டிக்கு இது தெரியுமா?" என்றாள்.

தெரியாது. அடுத்த விருந்தில் நான்தான் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலும் ஓர் இடக்கைப் பிள்ளை இருந்தால், நீங்களும் சொல்லுங்கள்.